எத்தனை வாரம், எத்தனை ஊசி, எத்தனை டிகிரி

டெல்டா ஊர்களில் பிரசவ வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களிடம் ஒரு கணக்கு உண்டு: ஏழாம் மாசம் பொறந்தா பொழச்சிக்கும், எட்டாம் மாசம் பொறந்தா தங்காது. மருத்துவம் சொல்வது இதற்கு நேர் எதிர். வயிற்றுக்குள் கழியும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். ஏழைவிட எட்டுக்கு வாய்ப்பு அதிகம். ஆனாலும் பாட்டி முதலில் பிடித்துக்கொண்ட கேள்வி சரியானது. குறைமாதக் குழந்தை ஒன்று பிழைக்குமா என்று கணிக்க உட்கார்ந்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிய வேண்டியது மாதக் கணக்குத்தான்.

37 வாரம் நிறையுமுன் பிறந்தால் குறைமாதம். 28 வாரம் நிறையுமுன் பிறந்தால் மிகமிகக் குறைமாதம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. இங்கே பேச்சு இரண்டாவது வகையைப் பற்றி. எடை பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். இவர்களில் யாருக்கு வாய்ப்பு கூடுதல் என்பதை முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஓரளவு சொல்லிவிடலாம். அதற்கு உதவும் அடையாளங்களில் பெரும்பகுதி குழந்தை இன்குபேட்டருக்குள் போவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஒன்று பத்தாவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில், இன்னொன்று 108 வண்டி ஏறும் முன், மற்றொன்று தொப்புள்கொடி வெட்டும் நிமிடத்தில்.

ஆடிப்பெருக்குக் கணக்கு

“ஆறு முடிஞ்சு ஏழு நடக்குது” என்று கூட வந்தவர்கள் சொல்வார்கள். நான்கு வாரம் ஒரு மாதம் என்று எண்ணினால் ஆறு முடிவது 24 வாரத்தில். தமிழ் மாதத்தை எண்ணினால், ஆடிப்பெருக்கு அன்று தொடங்கிய கணக்கு தை 18 வாக்கில் ஆறு மாதம் ஆகும். அது 26 வாரம். ஏழு முடிவது ஒரு கணக்கில் 28, மற்றதில் 30. ஆக அந்த ஒரு வாக்கியத்துக்குள் 24 முதல் 30 வரை எதுவும் இருக்கலாம்.

இந்த இடைவெளிதான் உயிர் வாய்ப்பு மிகச் செங்குத்தாக ஏறும் இடம். அமெரிக்காவில் 19 மையங்களில் 2013 முதல் 2018 வரை பிறந்த குழந்தைகளின் பதிவில், 22 வாரத்தில் பிறந்தவர்களில் 10.9 சதவீதம், 23 வாரத்தில் 49.4 சதவீதம், 28 வாரத்தில் 94 சதவீதம் பேர் உயிருடன் வெளியேறும் நிலைவரை வந்தனர். இந்த எண்களை அப்படியே தூக்கிவந்து நாகப்பட்டினத்திலோ பட்டுக்கோட்டையிலோ வைக்க முடியாது. ஏற்றம் மட்டும் எங்கேயும் ஒன்றுதான்: ஒரு வாரம் தவறினால் கணிப்பே தவறிவிடும்.

தவறு நுழையும் வழிகள் தெரிந்தவையே. கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்டால் பல பெண்கள் தலைக்குக் குளித்த நாளைச் சொல்வார்கள். கணக்குக்கு வேண்டியது உதிரம் தொடங்கிய முதல் நாள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ குளிக்கும் வழக்கமுள்ள வீட்டில் அந்த இரண்டு, நான்கு நாள் அங்கேயே தொலைகிறது. தேதி ஞாபகமில்லாதவரிடம் “பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டு எடுக்கும் கிராம சுகாதார செவிலியரின் முறை மோசமானதல்ல, ஆனால் அதை ஸ்கேன் உறுதி செய்ய வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள், கருவின் தலை முதல் பிட்டம் வரை அளக்கும் ஸ்கேன் ஐந்திலிருந்து ஏழு நாள் பிசகுக்குள் வாரத்தைச் சொல்லும். அதே ஸ்கேனை 26-ஆவது வாரத்தில் முதன்முதலாக எடுத்தால் பிசகு இரண்டு வாரம்வரை போகும். வளர்ச்சி குன்றிய கரு என்றால் இன்னும் சிக்கல்: 28 வாரக் குழந்தையை 26 என்று காட்டும். குழந்தையின் தோல், பாதக் கோடுகள், காதுமடல், தசைத் தளர்வு பார்த்து வாரம் கணிக்கும் பாலர்ட் முறைக்கும் இரண்டு வாரப் பிசகு உண்டு. ஆகவே தாய் சேய் நல அட்டையில் ஒட்டியிருக்கும் அந்த முதல் ஸ்கேன் தாள்தான் பிற்பாடு குழந்தைகள் பிரிவில் தேடப்படும் முதல் காகிதம். அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதும் அதைத்தான். ஒரு போட்டோ கைபேசியில் இருந்தால் போதும்.

அடுத்தது எடை. அதே வாரத்தில் எடை குறைந்து பிறந்தால் வாய்ப்பும் குறையும். தாய்க்கு பிபி ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கி, நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டம் குன்றியதால் சிறுத்த குழந்தைகள் பெரும்பாலும் இந்த வகை. 800 கிராம் குழந்தைக்கு 50 கிராம் பிசகு என்பது பெரிய பிசகு. கொக்கியில் தொங்கும் ஸ்பிரிங் தராசை நம்பக்கூடாது. டிஜிட்டல் தராசில், துணியைப் போட்டுப் பூஜ்யமாக்கிவிட்டு, ஈரத் துணி இல்லாமல் நிறுக்க வேண்டும். கொடியில் மாட்டிய கிளிப்பின் எடையைக் கழிக்க மறக்கக்கூடாது. மருந்தளவும் திரவ அளவும் இந்த எண்ணை வைத்துத்தான் ஓடும்.

பெண் குழந்தை, ஆணைவிட நன்றாகத் தாங்கும். ஒற்றைக் குழந்தை, இரட்டையரைவிட நன்றாகத் தாங்கும். இவை இரண்டும் யாராலும் மாற்ற முடியாதவை. ஆனால் 2008-ல் அமெரிக்காவில் 22 முதல் 25 வாரக் குழந்தைகளை வைத்து வெளியான ஓர் ஆய்வு, மாற்ற முடியாதவற்றோடு மாற்றக்கூடிய ஒன்றையும் ஒரே தராசில் வைத்தது. பெண்ணாகப் பிறப்பது, ஒற்றையாகப் பிறப்பது, 100 கிராம் கூடுதல் எடை, பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி: இந்த நான்கில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு வாரம் கூடுதலாக வயிற்றில் இருந்ததற்குச் சமமான பலன் தந்தது.

ஒன்றரை மில்லி

ஒரு வாரத்துக்கு ஈடான அந்த ஊசி, கருவின் நுரையீரலைச் சீக்கிரம் முதிரவைக்கும் டெக்ஸாமெத்தசோன். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டிய, விலை மிகக் குறைந்த மருந்து. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, பிபி காரணமாகப் பிரசவத்தை முன்கூட்டி நடத்த வேண்டியிருந்தாலோ தாய்க்குத் தசையில் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு முறை. இந்திய அரசு 2014-லேயே இதை வழிகாட்டுதலாக வெளியிட்டு, மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைச் செவிலியரே போடலாம் என்றது.

கிடைக்கும் குப்பியில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 4 மில்லிகிராம் வீதம் இரண்டு மில்லி மருந்து இருக்கும், மொத்தம் 8. தேவை 6. அதாவது ஒன்றரை மில்லி. குப்பியைக் காலி செய்துவிடுவதும், ஒரு மில்லி மட்டும் எடுப்பதும் கைப்பழக்கத்தில் நடக்கும் பிழைகள். இதைவிடப் பெரிய பிழை, ஊசியைப் போட்டுவிட்டு நேரத்தை எழுதாமல் அனுப்புவது. அடுத்த மருத்துவமனையில் ஒன்று முதலிலிருந்து தொடங்குவார்கள், அல்லது போட்டாயிற்று என்று விட்டுவிடுவார்கள். இன்னொன்று, “பொய் வலியாத்தான் இருக்கும், காலையில பார்ப்போம்” என்று காத்திருப்பது. ஊசியின் முழுப்பலன் முதல் ஊசிக்கு 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி ஏழு நாள்வரை நிற்கும். இரவில் இழந்த எட்டு மணி நேரம் அந்தக் கணக்கில்தான் கழிகிறது. சில மணி நேரமே இருந்தாலும் முதல் ஊசி வீணல்ல. தாய்க்கு சர்க்கரை இருந்தால் ஊசிக்குப் பின் அது ஏறும். அளந்து பார்த்துச் சமாளிக்க வேண்டுமே தவிர, ஊசியை நிறுத்த அது காரணமாகாது.

ஊசி மட்டும் போதுமா? 2015-ல் வெளியான, இந்தியாவும் சேர்த்து ஆறு நாடுகளில் நடந்த ஆய்வில் கிராம அளவில் பரவலாகப் போட்டபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. குறைமாதம் அல்லாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. 2020-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஐந்து நாடுகளில், அதிலும் இந்தியா உண்டு, 26 முதல் 33 வாரம்வரை ஸ்கேனால் வாரம் உறுதியான தாய்மார்களுக்கு, குழந்தைப் பராமரிப்பு வசதியுள்ள மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்தது. பச்சிளங்குழந்தை மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. ஒரே மருந்துதான். சரியான வாரமும் சரியான இடமும் சேர்ந்தபோது வேலை செய்தது.

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர்

இடம் என்றால் என்ன? வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் சுமார் நூறு கிலோமீட்டர். திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தபிறகு எல்லா ஓட்டமும் தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனைக்குத்தான் என்ற நிலை மாறியிருக்கிறது. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு ஒரு மணிக்கு அந்தச் சாலை நீளமானதுதான். அந்தத் தூரத்தைக் குழந்தை வயிற்றுக்குள் கடந்ததா, வெளியே கடந்ததா என்பது முதல் நாளில் பார்க்கும் அடையாளங்களில் மிக வலுவான ஒன்று. பிறந்தபின் வண்டியேறி வரும் 26 வாரக் குழந்தைகளுக்கு மூளை ரத்தக்கசிவும் மரணமும் அதிகம். காரணம் குலுக்கல் மட்டுமில்லை. சூடு இறங்குகிறது, சர்க்கரை இறங்குகிறது, மூச்சுக்கு அழுத்தம் கொடுக்க ஆளில்லாமல் நுரையீரல் சுருங்கிக்கொள்கிறது.

எனவே வலி வந்த தாயை முதல் டெக்ஸா ஊசியோடு, வலியைச் சற்றுத் தள்ளிப்போட மருத்துவர் சொன்னால் நிஃபெடிபினோடு, வயிற்றோடே அனுப்புவதுதான் வழி. 32 வாரத்துக்கு முந்தைய பிரசவம் என்றால் குழந்தையின் மூளையைக் காக்க 4 கிராம் மக்னீசியம் சல்ஃபேட்டும் தாய்க்குப் போகும். குழந்தையின் தலை இறங்கி, வழியிலேயே பிறந்துவிடும் என்று தெரிந்தால் மட்டும் அங்கேயே நிறுத்திப் பிரசவம் பார்த்து, பிறகு கிளம்ப வேண்டும்.

பிளாஸ்டிக் பையும் தெர்மாமீட்டரும்

டெல்டா வெயிலில் குழந்தைக்குக் குளிராதே என்று தோன்றும். குளிர் வருவது வெளியிலிருந்து அல்ல, அறுவை அரங்கின் ஏசியிலிருந்து. டாக்டருக்கு இதமான 20 டிகிரி, 800 கிராம் குழந்தைக்கு உறைபனி. அதன் தோல் ஈரக் காகிதம் போல மெல்லியது, கொழுப்பு இல்லை, உடல் எடையோடு ஒப்பிட்டால் பரப்பு அதிகம், நீர் ஆவியாகும்போது சூடு கொத்தாகப் போகிறது. சேர்க்கையின்போது 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் மரண வாய்ப்பு 28 சதவீதம் கூடியது.

செய்ய வேண்டியது எளிது, வரிசை தப்பக்கூடாது. அறையை 25 டிகிரிக்கு ஏற்று. குழந்தையைக் கிடத்தும் சூட்டு மேடையான வார்மரைப் பிரசவத்துக்கு அரை மணி நேரம் முன்பே போடு. குழந்தை மூச்சுவிட்டால் தொப்புள்கொடியை ஒரு நிமிடம் கழித்து வெட்டு. 28 வாரத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடியைப் பிழிந்து ரத்தம் தள்ளுவது கூடாது, மூளை ரத்தக்கசிவு கூடுகிறது. பிறகு குழந்தையைத் துடைக்காமல், ஈரத்தோடே, சுத்தமான பாலித்தீன் பைக்குள் கழுத்துவரை இறக்கு. தலையை மட்டும் துடைத்துத் தொப்பி போடு. இதயத் துடிப்பைப் பைக்கு வெளியிலிருந்தே கேட்கலாம். தொப்புள் வழியாகக் குழாய் போட வேண்டுமென்றால் அந்த இடத்தில் மட்டும் சிறு துளை. துடைத்துவிட்டுப் பைக்குள் போடுவதும், எடை பார்க்கப் பையைக் கழற்றுவதும் அன்றாடம் காணும் பிழைகள். அலுமினியத் தாளில் சுற்றினால் வார்மரின் சூடு உள்ளே போகாது. பையோடு சூடான மெத்தையும் சேர்த்தால் 37.5-ஐத் தாண்டிவிடும்; அதுவும் கெடுதல்தான்.

இன்னொரு சின்ன விஷயம். வீட்டிலும் வார்டிலும் பழகிய பாதரச தெர்மாமீட்டர் 35 டிகிரியில் தொடங்கும். அதற்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. 35 என்று எழுதிவந்த குழந்தை உண்மையில் 32-ல் இருக்கலாம். குறைந்த அளவு காட்டும் தெர்மாமீட்டர் இல்லாத இடத்தில் வெப்பநிலைப் பதிவையே நம்பிக் கணிப்பு செய்யக்கூடாது.

முதல் நிமிடங்களின் மற்ற அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிறந்த குழந்தையின் நிலையை அளக்க 1953-ல் டாக்டர் வெர்ஜீனியா அப்கார் தந்த மதிப்பெண் இந்தக் குழந்தைகளுக்கு முழுதாகப் பொருந்தாது. தசை இறுக்கமும் அனிச்சையும் 25 வாரத்தில் இயல்பாகவே குறைவு. அதைவிடப் பயனுள்ளது, மாஸ்க் வழியே காற்று கொடுத்ததும் இதயத் துடிப்பு 100-ஐத் தாண்டுகிறதா, ஐந்தாம் நிமிடத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 80 சதவீதத்தைத் தொடுகிறதா என்பது. தொடாத குழந்தைகளுக்கு மரணமும் மூளை ரத்தக்கசிவும் அதிகம். மூக்கு வழியே விடாமல் காற்றழுத்தம் தரும் சிபாப்பில் 5, 6 சென்டிமீட்டர் (நீர்) அழுத்தம் கொடுத்தும் ஆக்சிஜன் 30 சதவீதத்துக்கு மேல் தேவைப்பட்டால், நுரையீரல் சுருங்காமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து போடும் நேரம் வந்துவிட்டது.

மதிப்பெண் எதைச் சொல்கிறது

கிரிப்-2 என்ற மதிப்பெண் ஐந்து விஷயங்களைக் கேட்கிறது: வாரம், எடை, ஆணா பெண்ணா, சேர்க்கை வெப்பநிலை, ரத்தத்தில் சேர்ந்துள்ள அமிலத்தைக் காட்டும் பேஸ் எக்ஸஸ் (மைனஸ் கூடக் கூட அமிலம் அதிகம்). 0 முதல் 27 வரை போகும். ஏற ஏற ஆபத்து. ஸ்னாப்பி-2 என்பது முதல் 12 மணி நேரத்தின் மோசமான அளவுகளை எடுத்துக்கொள்ளும்: ரத்த அழுத்தம், வெப்பநிலை, ஆக்சிஜன் விகிதம், அமிலத்தன்மை, வலிப்பு, சிறுநீர், இவற்றோடு அப்கார், எடை, வாரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்பது.

ஒரே வாரம், ஒரே எடை, இரண்டுமே ஆண் என்று இரு குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று அதே மருத்துவமனையில் பிறந்து 36.6 டிகிரியில், பேஸ் எக்ஸஸ் மைனஸ் 4-ல் வருகிறது. மற்றது மூன்று மணி நேரம் பயணித்து 34.2 டிகிரியில், மைனஸ் 12-ல் வருகிறது. கிரிப்-2-ல் முதல் குழந்தைக்கு இந்த இரண்டுக்கும் சேர்த்து 2, இரண்டாவதற்கு 5. அந்த மூன்று மதிப்பெண்ணும் வண்டியில் சேர்ந்தவை. வெப்பநிலை என்பது பராமரிப்பின் விளைவு, அதைக் குழந்தையின் கணக்கில் எழுதக்கூடாது என்று ஒரு வாதம் நிபுணர்களிடையே உண்டு. நியாயமான வாதம். ஆனால் மதிப்பெண்ணை மருத்துவமனை தன்னைத்தானே அளக்கப் பயன்படுத்தினால், அந்தக் கட்டத்தை நீக்காமல் வைத்திருப்பதுதான் நல்லது.

இந்த அளவுகளில் சில ரத்தம் கேட்கின்றன என்பதையும் மறக்கக்கூடாது. 800 கிராம் குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தம் சுமார் 70 மில்லி; ஒரு டீக்கடை கிளாஸ் நிறையாது. அதிலிருந்து ஒரு மில்லி எடுப்பது, பெரியவரிடம் 70 மில்லி எடுப்பதற்குச் சமம். நாளைக்கு நாலு முறை ‘சும்மா பார்க்க’ எடுத்தால், மூன்றாம் நாளே ரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

மதிப்பெண் ஜாதகம் இல்லை. 40 சதவீதம் ஆபத்து என்றால், இதே அளவுகளோடு வந்த நூறு பேரில் நாற்பது பேர் பிழைக்கவில்லை என்று பொருள். இந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. அதோடு, பழைய பதிவுகளில் ஒரு பொறி இருக்கிறது. 25 வாரத்துக்குக் கீழே யாருக்கும் தீவிர சிகிச்சை கொடுப்பதில்லை என்று ஒரு பிரிவு முடிவு செய்தால், அங்கே அந்த வாரத்தில் யாரும் பிழைக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு அதே பதிவைக் காட்டி, பாருங்கள் பிழைப்பதில்லை என்பார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: இரண்டாம் நாள் வந்துசேரும் குழந்தைகளை மட்டும் எண்ணும் பிரிவின் சதவீதம் அழகாக இருக்கும், வழியில் இறந்தவை அந்தக் கணக்கில் வராது.

முதல் மூன்று நாள் தாண்டினால் அடையாளங்கள் மாறிவிடுகின்றன. மூளை ரத்தக்கசிவு பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் நடந்துவிடும். உச்சிக்குழி வழியே எடுக்கும் ஸ்கேனில் அது முதல் நிலையா நான்காம் நிலையா என்பது இப்போது எடையைவிட முக்கியம். அதன்பின் தொற்று. நம் நாட்டுப் பிரிவுகளில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற, பல மருந்துகளுக்கு மசியாத கிருமிகள்தான் பெரிய எதிரி. கை கழுவுவதும், குழாய்களைச் சீக்கிரம் எடுப்பதும், தாயின் சீம்பாலைச் சொட்டுச் சொட்டாகத் தொடங்குவதும் அங்கே எடை போடும் விஷயங்கள்.

“கொழந்த தேறிடுமா டாக்டர்?” என்று அப்பா கேட்கும்போது ஒரே பதிலைச் சொல்லி அனுப்புவதால்தான் பிறகு சண்டை வருகிறது. முதல் மணி நேரத்தில் வாரம், எடை, ஊசி, வெப்பநிலை வைத்து ஒரு பதில். 12 மணி நேரத்தில் மூச்சும் ரத்த அளவுகளும் வைத்துத் திருத்திய பதில். 72 மணி நேரத்தில் தலை ஸ்கேனுக்குப் பின் மூன்றாவது. சதவீதமாகச் சொல்வதைவிட, “இப்படி வந்த பத்துப் பேர்ல ஆறு பேர் வீட்டுக்குப் போவாங்க” என்பது புரியும். அந்த மூன்று வேளைகளையும் முன்கூட்டியே சொல்லி, தாயையும் சக்கர நாற்காலியிலாவது அழைத்துவந்து, மாமியாரிடமோ சித்தப்பாவிடமோ மட்டும் சொல்லாமல் அவர் காதிலும் போட வேண்டும். அடுத்த சில வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் பீச்சித் தரப்போவது அவர்தான்.